கேசினோ இல்லாத பெங்களூரும் இரண்டு நாள் சட்டமும்

பெங்களூரில் கேசினோ கிடையாது. கர்நாடக காவல் சட்டம், 1963, பொதுச் சூதாட்ட விடுதி நடத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் போல கர்நாடகத்திலும் கேசினோ தொடங்கலாம் என்று 2020 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுலாத் துறை அமைச்சர் சி.டி. ரவி பேசினார். எதிர்ப்பு கிளம்பியதும், அப்படி முடிவு எதுவும் எடுக்கவில்லை என்று விளக்கம் அளித்தார். பேச்சு அத்துடன் நின்றது.

ஆட்டம் நிற்கவில்லை. ஓர் இரவுப் பேருந்துப் பயணத்தில் கோவா இருக்கிறது. விமானத்தில் கொழும்பு இருக்கிறது. நகரின் நடுவே குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. போதாததற்கு, நாடு முழுவதும் கோடிக்கணக்கானவர்களைச் செல்பேசியில் பணம் கட்டி ஆட வைத்த நிறுவனங்களில் எம்பிஎல், கேம்ஸ்கிராஃப்ட் போன்றவை பெங்களூரையே தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தன. கட்டடம் இல்லையே தவிர, கேசினோவுக்கான எல்லாமே இந்த நகரில் இருந்தது.

இந்தச் செல்பேசி ஆட்டங்களுக்குத்தான் 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில், இரண்டே நாளில் நாடாளுமன்றம் தடை விதித்தது. கப்பலையும் குதிரையையும் அந்தச் சட்டம் தொடவில்லை. எது ஆபத்தான ஆட்டம், எதற்கு எவ்வளவு விலை என்ற கேள்வி இரு அவைகளிலும் எழவே இல்லை. அவையில் கேட்கப்படாத அந்தக் கணக்கைக் கேட்டுப் பார்த்தால், கிடைக்கும் விடைகள் சற்று வியப்பளிக்கக் கூடியவை.

மண்டோவி ஆற்றின் கப்பல்

கோவாவில் பொதுச் சூதாட்டச் சட்டம் 1976-ல் இயற்றப்பட்டது. 1990-களில் அது திருத்தப்பட்டு, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களுக்கும், கரைக்கு அப்பால் நிற்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. "கரைக்கு அப்பால்" என்றால் கடல் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால், பனாஜி நகரச் சாலையில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும் தொலைவில், மண்டோவி ஆற்றில்தான் கப்பல்கள் நங்கூரமிட்டுள்ளன. எதிர்க்கட்சியாக இருந்தபோது இக்கப்பல்களை எதிர்த்துப் போராடிய பாஜக, 2012-ல் ஆட்சிக்கு வந்த பின்பும் அவை ஆற்றை விட்டு நகரவில்லை. ஆறு மாதம், ஆறு மாதமாக அனுமதி நீட்டிக்கப்பட்டதே நடந்தது.

படகுத் துறையில் கட்டணம் செலுத்தினால் சிறு படகு கப்பலுக்கு அழைத்துச் செல்கிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் சில ஆயிரங்கள். வார இறுதியில் கூடுதல். அந்தக் கட்டணத்திலேயே உணவும், பெரும்பாலும் மதுவும், இசை நடன நிகழ்ச்சியும் அடங்கிவிடும். சில கப்பல்களில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் உண்டு. திருக்குறளில் கள்ளுண்ணாமையும் சூதும் 93, 94 என அடுத்தடுத்த அதிகாரங்கள். இங்கே இரண்டுக்கும் ஒரே நுழைவுச் சீட்டு.

உணவைப் பொருத்தவரை குறை சொல்ல இடமிருக்காது, சொல்லவிட மாட்டார்கள். பசித்தவர் மேசையை விட்டு எழுந்து கரைக்குப் போய்விடுவார் என்பதால்தான் சாப்பாடு கப்பலுக்குள்ளேயே, விடிய விடியக் கிடைக்கிறது. பணிவும் அப்படியே. சீட்டைப் பகிரும் டீலர்கள் பயிற்சி பெற்றவர்கள்; தோற்பவரிடம் ஒருபோதும் முகம் சுளிப்பதில்லை. ரொக்கத்தை மேசையில் வைக்க முடியாது. "சிப்ஸ்" எனப்படும் வண்ண வில்லைகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டை எண்ணி வைக்கத் தயங்கும் கை, வில்லையைத் தள்ளத் தயங்குவதில்லை. உலகெங்கும் கேசினோக்கள் இந்த முறையைக் கைவிடாததற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை.

ஆட்டங்களுக்கு வருவோம். ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்கு கிடைக்கும். நியாயப்படி 36 மடங்கு கிடைக்க வேண்டும். அந்த ஒரு மடங்குதான் விடுதியின் பங்கு: நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு. பக்காரா என்ற சீட்டாட்டத்தில் "பேங்கர்" பக்கம் கட்டினால் இது ஒரு ரூபாய் சொச்சம்தான். அதே மேசையில் "டை" என்று கட்டினால் 14 ரூபாயைத் தாண்டிவிடும். இரண்டு கட்டங்களும் ஒரே துணியில், ஒரு சாண் இடைவெளியில்தான் அச்சிடப்பட்டுள்ளன.

தென்னாட்டவர் அதிகம் கூடும் மேசை, இங்கே "அந்தர் பாஹர்" எனப்படும் ஆட்டம். தமிழகத்தில் "உள்ளே வெளியே" என்றும் "மங்காத்தா" என்றும் திருவிழாக் கூட்டத்தில் துண்டு விரித்து ஆடப்படுவது இதுவே. மாதிரிச் சீட்டு ஒன்றைத் திறந்து வைத்து, அதே எண் உள்ள சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதே ஆட்டம். முதல் சீட்டு விழும் பக்கம் வெல்வதற்கு நூற்றுக்கு 51.5 வாய்ப்பு உண்டு. விடுதிக்கும் அது தெரியும். ஆகவே, அந்தப் பக்கம் வென்றால் நூறு ரூபாய்க்கு 90 ரூபாய் மட்டுமே தரும் மேசைகள் உண்டு. கணக்கிட்டால் விடுதியின் பங்கு 2 ரூபாய் 15 காசு. மறுபக்கம் கட்டுபவருக்கு முழு நூறு கிடைக்கும். ஆனால் வாய்ப்பு குறைவு என்பதால் இழப்பு மூன்று ரூபாய். ஏமாற்று எதுவும் இல்லை. ஏமாற்ற வேண்டிய தேவையும் விடுதிக்கு இல்லை.

நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபாய் என்பது வட்டிக் கடையைவிடக் குறைவாகத் தோன்றும். ஆனால், வட்டி மாதத்துக்கு ஒரு முறை. இது நிமிடத்துக்கு ஒரு முறை. ஒரு சுற்றுக்கு ஐந்நூறு ரூபாய் வீதம் மணிக்கு 40 சுற்று ரூலெட் ஆடுபவர், ஒரு மணி நேரத்தில் 20 ஆயிரம் ரூபாயைப் பந்தயத்தில் சுழல விடுகிறார். சராசரி இழப்பு 540 ரூபாய். ஆறு மணி நேரத்தில் மூவாயிரத்தைத் தாண்டும். அதிர்ஷ்டம் முன்னே பின்னே இழுக்கும். நேரம் கூடக் கூடக் கணக்கு தன் இடத்துக்கு வந்துவிடும். இலவச உணவும், இசையும், கனிவான சேவையும் இந்த நேரத்தை நீட்டிப்பதற்கான செலவுகளே.

மேசையில் அமர்ந்திருக்கும் இன்னொருவர் அரசு. கேசினோ, குதிரைப் பந்தயம், இணையவழிப் பண ஆட்டம் ஆகியவற்றில் கட்டப்படும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி 2023 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கேசினோவில் வில்லை வாங்கச் செலுத்தும் தொகைக்கு இந்த வரி. வென்றதை மறுபடி கட்டினால் இல்லை. வாங்கிய வில்லையை ஆடாமலே திருப்பித் தந்தாலும் வரி குறையாது. வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரி தனி. விடுதி இரண்டு ரூபாய்க்காக இரவெல்லாம் காத்திருக்க, அரசு 140 ரூபாயில் 40 ரூபாயை வாசலிலேயே எடுத்துக்கொள்கிறது.

சேவையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2020 பிப்ரவரி 1 முதல் கோவா மக்கள் கேசினோவுக்குள் சென்று ஆடுவதற்கு மாநில அரசே தடை விதித்தது. சிக்கிமும் அதற்கு முன்பே உள்ளூர் மக்களைத் தடுத்தது. தன் பிள்ளைக்கு ஊட்டத் துணியாத உணவை விருந்தாளிக்குப் பரிமாறும் வீடு என்றே இதைச் சொல்ல வேண்டும். அந்த விருந்தாளிகளில் கணிசமானோர் பெங்களூரிலிருந்து வருபவர்கள்.

குதிரைக்கு வந்த வாழ்வு

பெங்களூரிலேயே சட்டப்படி பந்தயம் கட்ட ஓர் இடம் உண்டென்றால் அது ரேஸ் கோர்ஸ் சாலைதான். டர்ஃப் கிளப்பின் நிலக் குத்தகை 2009 டிசம்பர் 31-ல் முடிந்து, இடத்தைக் காலி செய்வது குறித்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது வேறு கதை. குதிரைப் பந்தயம் ஏன் சூதாட்டம் ஆகவில்லை என்பதற்கான விடை கர்நாடகத்தில் இல்லை, சென்னையில் இருக்கிறது.

குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் திமுக அரசு சட்டம் கொண்டு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 22 ஆண்டுகள் கழித்து, 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: குதிரையின் வம்சம், ஜாக்கியின் திறமை, பயிற்சி ஆகியவற்றை ஆராய்ந்து கட்டுவதால் அது திறமை ஆட்டம், ஆகவே சூதாட்டம் ஆகாது. 1867-ம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டத்தில் "வெறும் திறமை ஆட்டங்களுக்கு" அளிக்கப்பட்ட விலக்கு, 1967-ல் ரம்மிக்கும் 1996-ல் குதிரைக்கும் கிடைத்தது. 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையை தமிழக அரசு ரத்து செய்தது. ஆனால், அது நிலமும் வாடகைப் பாக்கியும் பற்றிய தகராறு, ஆட்டத்தைப் பற்றியது அல்ல.

இந்தத் "திறமை" என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் செல்பேசி ரம்மி வளர்ந்தது. தமிழகத்தின் 2021-ம் ஆண்டுத் தடைச் சட்டத்தை சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டிலும், கர்நாடகத்தின் தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14-லும் ரத்து செய்தன. திறமை ஆட்டத்தைத் தடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்பதே இரண்டின் சாரம்.

திறமையின் விலை என்ன என்று எவரும் கேட்கவில்லை. இருவர் தலா 100 ரூபாய் கட்டி ரம்மி ஆடுகிறார்கள். நிறுவனம் ஆட்டத் தொகையில் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். இத்துறையில் அது மிகையான கணக்கு அல்ல. வென்றவருக்கு 180 ரூபாய். இருவரும் சம திறமையாளர்கள் என்றால், ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக ஆளுக்குப் பத்து ரூபாய் இழப்பு. முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே நூறு ஆட்டத்தில் 56 ஆட்டம் வெல்ல வேண்டும். சட்டம் சூதாட்டம் என்று ஒதுக்கிய ரூலெட் சக்கரம் எடுப்பது 2 ரூபாய் 70 காசு. நீதிமன்றங்கள் திறமை என்று ஏற்ற ஆட்டம் எடுத்தது பத்து ரூபாய்.

அதோடு, கப்பலில் உள்ள தடைகள் செல்பேசியில் இல்லை. பேருந்துக் கட்டணம் இல்லை, படகு இல்லை, விடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதில்லை. உணவு, உபசரிப்பு என்ற செலவும் நிறுவனத்துக்கு இல்லை. அடுத்த அறையில் மனைவி உறங்கிக்கொண்டிருக்க, சம்பளப் பணம் முழுவதையும் சத்தமின்றித் தோற்க முடியும். தமிழகத்தில் இணையவழி ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்ததன் பின்னணி இதுதான்.

யாருடைய அதிகாரம்?

"பந்தயமும் சூதாட்டமும்" அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34-வது இனம். இதைப் பயன்படுத்தித் தமிழகம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின், 2022 அக்டோபரில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதற்குக் கையெழுத்திட்டவர் ஆளுநர் ஆர்.என். ரவி. அதே மாதம் 19-ம் தேதி பேரவை நிறைவேற்றிய மசோதாவை, பேரவைக்கு அதிகாரம் இல்லை என்று கூறி 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பியவரும் அவரே. அதே மார்ச்சில், திமுக உறுப்பினரின் கேள்விக்கு மக்களவையில் எழுத்துமூலம் பதிலளித்த மத்திய அமைச்சர் அனுராக் தாக்குர், பந்தயம், சூதாட்டம் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கே உண்டு என்றார். மார்ச் 23-ல் மசோதா மீண்டும் நிறைவேறியது. ஏப்ரல் 10-ல் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் இருந்து நீக்கியது.

தில்லியில் இதே வேலை எவ்வளவு எளிதாக முடிந்தது? பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக்கொண்டிருந்த மழைக்காலக் கூட்டத் தொடரின் இறுதி நாள்களில், 2025 ஆகஸ்ட் 20-ம் தேதி, தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இணையவழி விளையாட்டு மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தார். அன்றே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பதவி நீக்கம் தொடர்பான 130-வது அரசியல் சாசனத் திருத்த மசோதாவால் அவை அமளியில் மூழ்கியதும் அதே நாள்தான். மறுநாள் மாநிலங்களவை, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற 158 ஆண்டு காலக் கேள்வியை இச்சட்டம் ஒரே வரியில் ஒதுக்கித் தள்ளியது. எதுவாயினும், இணையத்தில் பணம் கட்டி ஆடுவித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, 50 லட்சம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சுமார் 45 கோடி பேர் ஆண்டுக்கு 20 ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்கு இழப்பதாக அரசுத் தரப்பில் கூறப்பட்டது.

தடையின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. மேற்கண்ட பத்து ரூபாய்க் கணக்கே அதற்குப் போதிய நியாயம். ஆனால் தமிழகம் மூன்று ஆண்டுகள் ஆளுநரிடமும் நீதிமன்றத்திடமும் போராடிப் பெற முடியாததை, மாநிலங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விவாதமும் இல்லாமல் தில்லி எடுத்துக்கொண்டது. தகவல் தொடர்பும் மாநிலங்களுக்கிடையேயான வணிகமும் மத்தியப் பட்டியலில் உள்ளவை என்று மத்திய அரசு வாதிடலாம். ஆட்டம் செல்பேசிக்கு மாறிய மாத்திரத்தில் மாநிலப் பட்டியலின் 34-வது இனம் காகிதத்தில் மட்டும் மிஞ்சுமா என்பது தமிழக உறுப்பினர்கள் அவையில் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி. அமளியில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

பேசப்படாமல் போனது இன்னொன்றும் உண்டு. 2010-ல் கேசினோக்கள் திறக்கப்பட்ட சிங்கப்பூர், தன் குடிமக்களிடம் நுழைவு வரி வாங்குகிறது. 24 மணி நேரத்துக்கு அது 150 சிங்கப்பூர் டாலர். அதைவிட முக்கியமானது, கணவனையோ மகனையோ கேசினோவுக்குள் விடக்கூடாது என்று குடும்பத்தினரே விண்ணப்பித்துத் தடை உத்தரவு பெற முடியும் என்பது. மண்டோவி படகுத் துறையில் நிற்கும் பெங்களூரு இளைஞனின் தாய்க்கு அத்தகைய உரிமை வேண்டுமா, வேண்டாமா என்பது இரு அவைகளின் குறிப்பேட்டிலும் இல்லை.

பெங்களூரில் விளைவு உடனே தெரிந்தது. எம்பிஎல் நிறுவனம் இந்தியாவில் உள்ள ஊழியர்களில் சுமார் 60 சதவீதம் பேரைக் குறைப்பதாகச் செய்தி வெளியானது. சட்டத்தை எதிர்த்த முதல் வழக்குகளில் ஒன்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தாக்கலானது. தில்லி, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற வழக்குகளோடு சேர்த்து அதையும் செப்டம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த மறுநாள், ஆகஸ்ட் 23-ம் தேதி, சித்ரதுர்கா காங்கிரஸ் எம்எல்ஏ கே.சி. வீரேந்திராவை சிக்கிம் தலைநகர் காங்டாக்கில் அமலாக்கத் துறை கைது செய்து பெங்களூருக்கு அழைத்து வந்தது. சட்டவிரோத இணையவழிப் பந்தயம் தொடர்பான வழக்கு அது. கோவாவில் உள்ள ஐந்து கேசினோக்கள் உள்பட 31 இடங்களில் சோதனை நடத்தி, சுமார் 12 கோடி ரூபாய் ரொக்கம் கைப்பற்றியதாக அமலாக்கத் துறை கூறியது. கேசினோ குத்தகைக்காகவே அவர் காங்டாக் சென்றிருந்தார் என்பதும் அத்துறையின் கூற்று. குற்றச்சாட்டுகளை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம். ஆனால், செல்பேசிப் பந்தயம் ஒரு தொழில், கப்பல் கேசினோ வேறு தொழில் என்று சட்டம் கோடு போட்ட அதே வாரத்தில், இரண்டும் ஒரே வழக்குக் கட்டில் வந்து சேர்ந்தன.

அதற்குச் சற்று முன்னதாக, ஆகஸ்ட் 2-ம் தேதி, கொழும்பில் "சிட்டி ஆஃப் டிரீம்ஸ்" கேசினோ திறக்கப்பட்டது. தொடக்க விழாவுக்கு அழைக்கப்பட்டவர் ஹிந்தி நடிகர் ஹ்ருதிக் ரோஷன். எந்த நாட்டு வாடிக்கையாளரை எதிர்பார்த்து இந்த விழா என்பதை விளக்க வேண்டியதில்லை.

கர்நாடக அரசின் நிதித் துறைக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்க வேண்டும். பெங்களூர்வாசி கொழும்பில் இழக்கும் பணத்துக்கான வரி இலங்கைக்குச் செல்லும். மண்டோவிக் கப்பலில் அவர் வாங்கும் வில்லைக்கான 40 சதவீத வரியில் பாதி கோவாவுக்கு, பாதி மத்திய அரசுக்கு. பணத்தைத் தொலைத்துவிட்டு அவர் திரும்பி வருவது மட்டும் கர்நாடகத்துக்கு.